ஒட்டு வேலை

வகுப்புப் படத்தை உறையிலிருந்து உருவியதும் தையல்காரி முதலில் பார்த்தது மகளின் முகத்தை அல்ல, தோளைத்தான். தொழில் புத்தி அப்படி. கடைசி வரிசை ஓரத்தில் மகள் நிற்கிறாள். சட்டை தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. எப்படி உட்காரும்? மகள் இளைக்க இளைக்க இந்த வருஷத்தில் மட்டும் அந்தச் சட்டையை மூன்று தடவை பிடித்துத் தைத்தும் தொளதொளப்பு போகவில்லை. அதுவும் படம் எடுத்த அன்று மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அல்லவா கிடந்தாள், கையில் ஊசியோடு!

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சட்டைப் பை லேசாகச் சாய்ந்திருந்தது. வங்கிக்காரர் மகளுக்கு அவசரத்தில் தைத்துக் கொடுத்த சட்டை; அந்தக் கோணல் தன் கையால் வந்த கோணல். இரண்டாவது வரிசையில் அந்தப் பெண்ணும் அதே சட்டையில் நிற்கிறாள். அவள் உடம்பை அப்படியே நகல் எடுத்து, அதன்மேல் மகளின் பழைய அடையாள அட்டைத் தலையை ஒட்டி வைத்திருக்கிறார்கள். இரட்டைப் பின்னல், உப்பிய கன்னம். இப்போது அந்தத் தலையில் ஒரு முடி கிடையாது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். இந்த லட்சணத்துக்கு, வராத பிள்ளைகளுக்கென்று தனிக் கட்டணம் வேறு. அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தானேம்மா இருக்கு? பிள்ளை விட்டுப்போச்சேன்னு நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சேர்க்கச் சொன்னோம்.”

“இது என் பொண்ணு இல்ல சார். வேற பிள்ளையோட உடம்பு. நாளைக்கு அவள வண்டி வச்சுக் கூட்டிட்டு வர்றேன். பத்து நிமிஷம் பிள்ளைங்கள அவகூட நிக்க வைங்க, போதும். என் போன்லயே எடுத்துக்கறேன்.”

“பரீட்சை நேரம்மா. அடுத்த வருஷம் நேர்லயே எடுத்துக்கலாம், விடுங்க.”

அடுத்த வருஷமாம். மகளுக்கு மிச்சமிருக்கும் காலத்தை டாக்டர் வாரக்கணக்கில் சொல்ல ஆரம்பித்துப் பதினோரு நாள் ஆகிறது. அதைச் சொன்னால் இந்த மனுஷரே ஓடிப்போய்ப் பிள்ளைகளை நிற்க வைப்பார். ஆனால் பள்ளி முழுக்கப் பேச்சாகும். அந்தப் பேச்சு மகள் காதுக்கும் வந்து சேரும். “சரிங்க சார்” என்று கிளம்பியவள், வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் மகள் விடவில்லை, படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“நான்தான் போகவே இல்லையே, எப்படிம்மா?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! படத்திலிருந்த தோளை விரலால் தடவினாள். “சட்டை எவ்வளவு அழகா நிக்குது பாரேன். அடுத்த வருஷத்துக்கு எனக்கு இந்த அளவுக்கே தைச்சிடும்மா. பிடிச்சுப் பிடிச்சுத் தைக்காத. அதுக்குள்ள நான் தேறிடுவேன்ல?”

“தேறாம என்னடி தங்கம்?”

“அப்ப இன்னிக்கே வெட்டு. நான் பாக்கணும்.”

தையல்காரி மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்தாள். மகள் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கிக்காரர் மகளின் அளவு அவளுக்கு மனப்பாடம். தோளுக்குக் கோடு போட்டாள், மார்புக்குப் போட்டாள். வளரும் பிள்ளைகளுக்கு விடுவதுபோல் ஓரத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, நேராக வெட்டிக்கொண்டே போனாள்.