பூனைக்குட்டியை இழுத்தால் சுடும்

பட்டுக்கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் நமச்சிவாயம் தபாலில் ஸ்பானிஷ் படித்தவன். பாதியில் நிறுத்தியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் பெருமை மெட்ராஸ் வரை எட்டி, 1968-இல் ஒரு கம்பெனி அவனுக்கு வேலையே அனுப்பிவிட்டது: தென் அமெரிக்காவுக்குப் போகிற துப்பாக்கிக் கையேட்டின் சொற்களை ஸ்பானிஷில் எழுதித் தர வேண்டும்.

"தீவாளித் துப்பாக்கியையே காதைப் பொத்திக்கினு சுடுற ஆளு நீங்க!" என்று மனைவி கமலாட்சி சிரித்தாள்.

அகராதியை வைத்து எழுதி முடித்தான். ஆனாலும் அனுப்புவதற்கு முன், மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரீ சிஸ்டர் பிலாரிடம் கொண்டுபோய்க் காட்டினான். படித்த சிஸ்டருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"ஐயா, தோட்டா வைக்கும் மேகசீனுக்கு வாரப்பத்திரிகை என்று எழுதியுள்ளீர். சிப்பாய் வாசித்துக்கொண்டே சாவானா? விரலால் இழுக்கும் டிரிக்கருக்கு 'காத்தியோ' என்ற சொல் எங்கே?"

"அது பூனைக்குட்டின்னு அர்த்தம் வர்ற மாதிரி இருந்துச்சு சிஸ்டர். அகராதிதான் தப்புன்னு நெனச்சு அடிச்சிட்டேன். கையெறி குண்டுக்கு மாதுளம்பழம்னு போட்டிருந்துச்சு, அதையும்..."

"இரண்டும் சரியான சொற்களே! சரியானதை அடித்துவிட்டு, தவறானதை வைத்துக்கொண்டீர்."

"ஒங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

சிரிப்பு நின்றது. "எங்கள் ஊரில் யுத்தம் நடந்தபோது அண்ணன் துப்பாக்கி துடைப்பான். நான் பாகங்களை எடுத்துக் கொடுப்பேன். அவன் திரும்பவில்லை."

நமச்சிவாயம் தலை குனிந்தான். சிஸ்டரோ மறுகணமே பென்சிலை எடுத்துக்கொண்டார். "திருத்தித் தருகிறேன். பதிலுக்கு எனக்குச் சந்தைத் தமிழ் வேண்டும். சந்தையில் காய் விற்கும் கங்கையம்மாள் எனக்குச் சொத்தைக் கத்திரிக்காயே தருகிறாள்."

திருத்திய சொற்கள் மெட்ராஸ் போயின, கம்பெனிக்கும் திருப்தி. ஒப்புக்கொண்டபடி நமச்சிவாயமும் சந்தைத் தமிழ் கற்றுக்கொடுத்தான். அடுத்த சந்தைக்கு அவனைக் கூட்டிக்கொண்டுபோன சிஸ்டர், கங்கையம்மாளின் கூடைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னாமே, சொத்தையை என் தலையில கட்டப் பாக்குறியா? இன்னொரு வாட்டி குடுத்தே, கூடையோட கவுத்துருவேன்!"

கங்கையம்மாள் சட்டென்று பிஞ்சாகப் பொறுக்கிப் போட்டாள். பிறகுதான், "எந்தப் படுபாவிமா ஒனக்கு இதக் கத்துக்குடுத்தான்?" என்று கேட்டாள்.

சிஸ்டருக்குப் பொய் பேசி வழக்கமில்லை. விரலை நேராக நமச்சிவாயம் பக்கம் நீட்டினார். கங்கையம்மாள் அவனையும் அவன் வம்சத்தையும் சேர்த்து வாங்கிய வாங்கில், தராசுத் தட்டே ஆடியது.

திரும்பும் வழியில் சிஸ்டர் ஆர்வமாகக் கேட்டார். "அந்த அம்மாள் கடைசியாகச் சொன்னதற்கு என்ன பொருள்?"

"ஆசீர்வாதம், சிஸ்டர்" என்றான்.

"அப்படியா! ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகிறார். அவருக்கு இதைத் தமிழிலேயே சொல்வேன்" என்றபடி, மறந்துவிடாமலிருக்க அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார் சிஸ்டர்.