புரைமி விடுதியில் ஒன்பதாம் நாள்

சாப்பாட்டுக்கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சே இல்லை. பன்னிரண்டு பிலிப்பைன்ஸ் பெண்கள் ஓரிடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்வது உலக அதிசயம். தட்டுக்குப் பக்கத்தில் அவரவர் கைபேசி. எல்லைக்கு அந்தப்புறம் அமீரகத்தில் விசா அலுவலகங்கள் மூடும் நேரம். இன்றைக்கு விசா வருவதென்றால் இதற்குள் வந்தாக வேண்டும்.

அவர்களில் ஒருத்தியான ஜொவெலினுக்கு, ஓமானின் எல்லையூரான இந்தப் புரைமியில் தங்க அனுமதி பத்தே நாள். இன்று ஒன்பது. துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் ஓர் அழகு நிலையத்தில் சுற்றுலா விசாவிலேயே மூன்று மாதம் முடிக்குச் சாயம் போட்டாள். "சுற்றுலா விசா முடிஞ்சுது, எல்லைக்கு அந்தப்பக்கம் போய் இரு. மூணே நாள்ல வேலை விசா அனுப்புறேன்" என்று முதலாளி மேடம் அவளையும் மைராவையும் வேனில் ஏற்றிவிட்டாள். மைரா அவள் ஊர்க்காரி, ஜொவெலின் சொல்லித்தான் மைரா வேலைக்கே சேர்ந்தாள். நாளை மாலைக்குள் விசா வராவிட்டால் மணிலாவுக்கு விமானம் ஏற வேண்டும். டிக்கெட்டுக்கு வழியில்லை. நாள் கடந்து தங்கிவிட்ட ஆறாம் அறைக்காரியைப் போன வாரம் போலீஸ் வந்து கூட்டிப்போனது. அவளுடைய செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் ஜொவெலின் பார்வையைத் திருப்பிக்கொள்வாள்.

சோறு எடுக்கச் சமையலறைக்குப் போனவளை நெனித்தா மறித்தாள். விடுதிச் சமையல்காரி. அவளும் பிலிப்பைன்ஸ்காரிதான்.

"காலையில வந்த போனு உன் மேடமா? என்னடி சொன்னா?"

"ஒரு விசாதான் கிடைச்சுதாம் அக்கா. இன்னொண்ணு அடுத்த வாரமாம். 'மைரா அழுதுக்கிட்டே இருக்கா, நீ தைரியசாலி, அவளை முதல்ல கூப்பிட்டுக்கவா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பரவாயில்ல மேடம்னு சொல்லிட்டேன்."

நெனித்தா கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அடிப்பாவி! அடுத்த வாரம் வர்ற விசாவை வச்சு என்ன பண்ணுவ? நாளைக்கு எனக்கும் முடியுதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வாய் வரலக்கா. முதலாளி கேக்குறாங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"நம்ம ஜனத்துக்கே இந்த வியாதி. வீடு பத்தி எரிஞ்சாலும் பரவாயில்ல சார்னு இளிப்போம். போனைப் போடு, இப்பவே!"

ஜொவெலின் மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மேடம் எடுக்கவில்லை.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். மைராவின் கைபேசி கூவியது. மைரா அதை எடுத்துப் பார்த்தாள், எழுந்தாள், அப்படியே ஓவென்று அழுதாள்.

"வந்துருச்சு அக்கா! என் பேரு போட்டிருக்கு பாரு! உனக்கும் வந்துரும், நான் போய் மேடம்கிட்ட சொல்றேன்."

விசா வந்தவர்களை ஏற்றவென்றே காத்திருக்கும் டாக்சி வாசலுக்கு வந்துவிட்டது. கருவாடும் சோறும் பாதியில் கிடக்க, மைரா பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினாள். பிலிப்பைன்ஸ் வழக்கப்படி, சாப்பாட்டின் நடுவே ஒருத்தி பயணம் கிளம்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் தட்டைச் சுற்றித் திருப்பி வைக்க வேண்டும். அப்போதுதான் போகிறவள் பத்திரமாகப் போய்ச் சேருவாள். பத்துத் தட்டுகள் மேசைமேல் உரசித் திரும்பின. ஜொவெலினின் கை மட்டும் நகரவில்லை. திருப்பாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். எல்லையில் மைராவை நிறுத்திவிடுவார்களா? அந்த விசா வேறு யாருக்காவது வந்துவிடுமா? போலீஸை நினைத்துப் பயந்ததைவிட இப்போது தன்னை நினைத்து அதிகம் பயந்தாள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். நெனித்தா அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்சியின் சத்தம் ஓய்ந்து வெகு நேரத்துக்குப் பிறகு ஜொவெலினின் கைபேசி அதிர்ந்தது. மேடம்! அவசரத்தில் திறக்க இரண்டு முறை வேண்டியிருந்தது.

"வர்ற வியாழக்கிழமை கல்யாணப் பொண்ணுக்கு நீ அன்னிக்குப் போட்டுக் காட்டின சாயம், என்ன கலவை? மைரா போடணும். சீக்கிரம்."

ஜொவெலின் எழுதினாள். அடர்பழுப்பு இரண்டு பங்கு, செம்பு நிறம் அரைப் பங்கு, முப்பத்தைந்து நிமிடம். அந்தப் பெண்ணுக்குக் காதுக்குப் பின்னால் தோல் எரியும், அங்கே முதலில் எண்ணெய் தடவ வேண்டும். ஒன்றும் விட்டுப்போகவில்லையே என்று இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்பினாள்.

உடனே ஓர் இதயப் படம் வந்தது.

அந்தத் தைரியத்தில் அவள் அடுத்ததை எழுதினாள். "மேடம், எனக்கு நாளைக்குச் சாயங்காலத்தோட முடியுது. நாளைக்கே அனுப்புங்க, ப்ளீஸ்."

மேலே, மேடத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகம் காணாமல் போய், வெறும் சாம்பல் வட்டம் நின்றது. அவள் எழுதியதற்குக் கீழே ஒற்றை டிக்தான் விழுந்திருந்தது, இரண்டாவது விழவே இல்லை.