தம்பி எண்டொரு பேர்

கல்லடியில தம்பி இல்லாத வீடு எது? தெருவில நிண்டு ஒருக்கா கூப்பிட்டுப் பாருங்க, நாலைஞ்சு பேராவது கிறுகிப் பார்ப்பாங்க. சாமித்தம்பி வீட்டிலயும் ஒரு தம்பி இருந்தவன், மூத்தவன் சிவதர்ஷனுக்கு இளையவன். பள்ளிக்கூடத்துப் பேர் வேற. வீட்டிலயும் அயலிலயும் அவன் தம்பிதான். கடற்கரைக்குப் பந்தடிக்கப் போனவனைச் சுனாமி கொண்டு போயிற்று. உடம்பு கூடக் கிடைக்கல்ல.

சுனாமிக்கு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒண்டில சிவதர்ஷன் கம்பியூட்டர் வேலை பார்த்தான். அவங்க கட்டிக்கொண்டு போகக்குள்ள ஒரு பழைய ரவுட்டரை அவனுக்கே விட்டிட்டுப் போனாங்க. அவன் அதை வீட்டு போன் லைனில கொழுவிற்று, இந்த வைஃபைக்கு ஒரு பேர் வைக்கோணும், என்ன வைக்கிற எண்டு தாயைக் கேட்டான். இலட்சுமிப்பிள்ளைக்கு வைஃபையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பேர் வைக்கிறதெண்டாத் தம்பிட பேரை வையன் மனே எண்டா. அவனும் இங்கிலிசு எழுத்தில தம்பி எண்டு அடிச்சு விட்டான். அதுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு மனிசி பூ வைக்காத குறைதான்.

விதி எப்படிப் பார்த்து அடிக்குது பாருங்க. வன்னியில சண்டை முடியிற காலம். இயக்கத்துத் தலைவரையும் சனம் தம்பி எண்டுதான் சொல்லும். அவர் எங்க, தப்பிட்டாரா எண்டு ஊரெல்லாம் குசுகுசுத்த கிழமை அது. அந்தக் கிழமையாப் பார்த்துப் பின் தெரு ஆமி முகாமில ஆரோ மடிக்கணினியைத் திறந்திருக்கான். வைஃபை பட்டியலில இந்தப் பேர் விழுந்திருக்கு.

பத்து மணி வெயிலில ஆமிக்காரங்க வந்தாங்க. பெரியவன் ஒருத்தனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும். இங்க தம்பி யாரு, எங்க அவன் எண்டு கேட்டான். நாங்க எல்லாரும் சொல்ற மாதிரித்தான் சாமித்தம்பியும் சொன்னார்.

"தம்பி கடலோட போயிற்றான் ஐயா."

அவ்வளவுதான். எந்தப் பக்கம் போனான், ஆரிட வள்ளம் எண்டு அவன் நெருக்கத் தொடங்கிற்றான். செத்துப் போனதைத்தான் நாங்க அப்படிச் சொல்றதெண்டு சிவதர்ஷன் சிங்களத்தில விளங்கப்படுத்தினான். அதுவும் பிழையாப் போச்சு. உனக்கு எங்கால இவ்வளவு சிங்களம், இந்தப் பெட்டியைக் கொழுவினது நீதானே எண்டு அவனையே ஏத்திக்கொண்டு போனாங்க. விசாரிச்சிற்று விடுவாங்களாம்.

பொழுதுபட்டும் விடல்ல. இன்னொரு முகாம்காரன் அந்தப் பேரைக் கண்டா வீட்டையே கிண்டிப் போடுவான் எண்டு சாமித்தம்பி பயந்தார். சிவதர்ஷனோட ஒண்டா வேலை செய்த றவூபைக் காத்தான்குடியில இருந்து வரச் சொன்னார். பாவம், அந்தப் பொடியன் பயந்து பயந்துதான் வந்தான். ரவுட்டர் வயரைத் தன்ட மடிக்கணினியில குத்தி, புள்ளி புள்ளியா ஏதோ இலக்கம் அடிச்சு, பேர் இருக்கிற இடத்தைத் திறந்தான்.

"ஐயா, என்ன பேர் போடுற?"

ஒண்டும் போடாத எண்டார். வெறுமையா விட ஏலாதாம். மறுகா அவனே வீடு எண்டு போட்டான். பெட்டியில லைட்டெல்லாம் அணைஞ்சு திரும்பப் பத்திச்சு. குசினி வாசலில நிண்ட இலட்சுமிப்பிள்ளை, அவன்ட பேரையும் அழிச்சிட்டிங்களா எண்டு மட்டும் கேட்டா. பெத்த வயிறு.

றவூப் போன பிறகுதான் அவ அடுத்ததைச் சொன்னா. "உங்கட பேரிலயும் தம்பி இருக்கே. அது என்ட பேர்தான் எண்டு சொல்லியிருக்கலாமே."

சாமித்தம்பிக்கு நெஞ்சில இடி விழுந்த மாதிரிப் போச்சு. ஐயோ, இது எனக்கு ஏன் வரல்ல? ஊரெல்லாம் கூப்பிடுற பேர், அடையாள அட்டையில கிடக்கிற பேர். என்ன மனிசன் நான் எண்டு தன்னையே திட்டித் தீர்த்தார்.

விடிஞ்சதும் அடையாள அட்டையோட முகாமுக்குப் போனார். நேற்று வந்த அதே பெரியவன்தான் இருந்தான். அது என்ட பேர் ஐயா, நான் சாமித்தம்பி, பொடியன் தகப்பன்ட பேரைத்தான் வச்சவன் எண்டார். அவன் அட்டையை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசிச்சு, மெல்லமாச் சிரிக்கவும் செய்தான். சாமித்தம்பிக்கு உயிர் வந்திச்சு. புள்ளை வந்திருவான் எண்டே நினைச்சிட்டார்.

அவன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். சிரிப்பு நிண்டு போச்சு. தம்பி இல்லை, வீடு எண்டொண்டுதான் கிடக்கு.

"உன்ட பேரெண்டா ஏன் அழிச்ச? யார் மாத்தினது?"

றவூபும் ஒருத்தி பெத்த புள்ளைதானே. அவன்ட உம்மா நபீஸா கண்ணுக்கு முன்னால வந்து நிண்டா. நான்தான் மாத்தினது எண்டார்.

பெரியவன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வச்சான். அப்படியெண்டா எப்படி மாத்தினதெண்டு செய்து காட்டட்டாம்.

காகித ஆலையில கூழ் கலக்கின கை அது. எதைத் தொடுறது, எங்க குத்துறது? ஒரு விரலை எழுத்துகளுக்கு மேல கொண்டு போய் அப்படியே வச்சிருந்தார். பெரியவன் பொறுமையாத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மறுகா மூடியைச் சாத்தி, அட்டையைத் திருப்பிக் குடுத்தான்.

"வீட்ட போங்க. இங்க அப்படி ஒரு பொடியனும் இல்லை."

நேற்று உங்கட கையாலதானே ஏத்தினீங்க எண்டு அவர் கத்தினார். பெரியவன் நிமிர்ந்தும் பார்க்கல்ல. நிண்ட ஒருத்தன் கையைப் பிடிச்சு வெளிய கொண்டு வந்து விட்டிட்டுப் போனான்.

முகாம் வாசலுக்கு எதிர்ப்பக்கம் இலட்சுமிப்பிள்ளை நிண்டா. பின்னாலேயே வந்திருக்கா போல. அவர் முகத்தைப் பார்த்தா. சிவதர்ஷன்ட சாரனும் சேட்டும் மடிச்சு வச்ச பையை நீட்டினா.

"இதையாவது அவனிட்டக் குடுக்கச் சொல்லிக் குடுத்திற்று வாங்க."

அவர் பையை வாங்கினார். முகாம் பக்கம் கிறுகினார். அப்படி ஒரு பொடியனே இல்லை எண்டவனிட்டத்தான் இதைக் குடுக்கோணும்.