கடல் பக்கத்து முனை

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. டீக்கடை பெஞ்சில்கூட ஒரு காலை ஆட்டிக்கொண்டுதான் இருப்பேன். என் தங்கை பூங்கொடியின் புருஷன் காசிநாதன் எனக்கு நேர் எதிர். ஒரு பலகையை வெட்டுவதற்கு முன்னால் மூன்று தரம் திருப்பிப் பார்ப்பான். அப்புறம் பீடி பற்றவைத்துக்கொண்டு நாலாவது தரம் பார்ப்பான். இந்த ஆளோடு பத்தொன்பது வருஷமாகத் தச்சு வேலை செய்கிறேன். செங்கல்பட்டிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே வண்டி, பூங்கொடி கட்டிக்கொடுக்கிற ஒரே டிபன் கேரியர்.

வீட்டுக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் நிற்கிற மரவேலைதான் எங்களுடையது. கூரை விளிம்பில் ஓடுகிற ஈவ்ஸ் போர்டு, ஜன்னலைச் சுற்றி வருகிற சட்டம், இப்படி. அதில் காசிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மரத்தை எங்கே வெட்டினாலும் வெட்டிய முனையில் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் மாட்டவேண்டும். மாட்டிவிட்டால் அந்த முனை யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். பிரைமர் அடிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு முனைக்கும் அவன் கேட்பான்.

"அடிச்சியா மச்சான்?"

"அடிச்சிட்டேன் மாப்ள."

ஒரு நாளைக்கு நாற்பது தரம் இதே கேள்வி, இதே பதில். நான் தூக்கத்தில்கூட இதைச் சொல்வதாக என் பெண்டாட்டி விஜயகுமாரி சிரிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன ஐப்பசியில் மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாக ஒரு வீடு. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாலசுப்ரமணியன் சாரின் வீடு. முப்பது வருஷம் குவார்ட்டர்ஸிலேயே இருந்தவர், முதல்முதலாகச் சொந்தமாகக் கட்டுகிறார். சுற்றிலும் ஓட்டுக் கூரை, நாலு பக்கமும் தேக்கில் விளிம்புப் பலகை. கட்டித்தருகிற இன்ஜினியர் ராகவனுக்கு நாவலூரில் ஆபீஸ். அந்த மனிதர் வேலை ஆரம்பித்த அன்றைக்கே என் வாயில் சர்க்கரை போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வியாழன் மத்தியானம் வேலையை முடித்துக்கொடுத்தால், இதே ரோட்டில் அவர் கட்டப்போகிற இருபத்திரண்டு வீடுகளும் எங்களுக்கே.

எனக்கு நாற்பத்தேழு வயது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அடுத்த வேலைக்கு யார் வாசலில் போய் நிற்பது என்று யோசித்தே பாதி ஆயுள் போய்விட்டது. இருபத்திரண்டு வீடு என்றால் இரண்டு வருஷம் யார் முகத்தையும் பார்க்கவேண்டாம். அந்தக் கணக்கை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசிப் பலகை. கடல் பக்கத்து மூலையில் இரண்டு பலகைகளும் சாய்வாக வெட்டி ஒன்றோடொன்று சேரவேண்டும். இரண்டு தரம் சாரத்தில் ஏற்றிப் பார்த்தோம், நூல் அளவு இடைவெளி நின்றது. காசி கீழே போய் ஜன்னல் சட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தான். நான் சாரத்தின் மேலேயே இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்தேன். பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. அடித்திருந்த பிரைமர் போய், இழைத்த முனை வெறும் மரமாக வெளுத்துத் தெரிந்தது. பிரைமர் டப்பா கீழே இருந்தது. இறங்கி, ஏறி, அடித்து, காய அரை மணி நேரம். கடல் மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கேட் அருகே ராகவன் மணி பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிச்சியா மச்சான்?" என்று கீழேயிருந்து காசியின் குரல் வந்தது.

"அடிச்சிட்டேன் மாப்ள."

பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். தெரிந்தேதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஸ்க்ரூவை முடுக்கினேன்.

புதன்கிழமை காலையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வராந்தாவில் ஒதுங்கி நின்றோம். கூரைத் தண்ணீர் அந்த மூலைப் பலகையில் வழிந்து சொட்டியது. நான் எழுந்து போய்ப் பார்ப்பதும் வந்து உட்காருவதுமாக இருந்தேன். மத்தியானம் வெயில் வந்ததும் பெயிண்டர் கடைசிக் கோட் அடித்துவிட்டுப் போனான். மூலை வழவழவென்று அழகாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பூங்கொடி அனுப்பிய மீன் குழம்பை ஒரு வாய்க்குமேல் தின்ன முடியவில்லை.

"இன்னா மச்சான், ஒடம்பு சரியில்லியா?" என்றான் காசி. என் சோற்றில் மீன் துண்டை எடுத்து வைத்தான்.

வியாழன் மத்தியானம் எல்லாம் முடிந்தது. சாரக் கம்பங்களை அவிழ்த்து மினி வேனில் ஏற்றியாயிற்று. ராகவன் வீட்டைச் சுற்றி வந்து என் தோளில் தட்டினார். "கலையரசன், தை பொறந்ததும் இருபத்திரண்டு வீட்டையும் ஆரம்பிச்சிடலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது பாலசுப்ரமணியன் சார் கூரையை அண்ணாந்து பார்த்தபடி காசியிடம் வந்தார். "ஏம்ப்பா, இந்த உப்புக் காத்துக்கு மரம் தாங்குமா? எல்லாரும் பயமுறுத்துறாங்க."

காசி சாதாரணமாக யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டான். அன்றைக்குக் கொடுத்தான். "பத்து வருசத்துக்கு நீங்க கவலப்படவே வாணாம் சார். ஒரு முனை பாக்கி இல்லாம என் மச்சான் கையால அடிச்சிக்கீறாரு."

நான் நேர்மையாக இருந்திருந்தால் அதைக் கேட்கப் பெருமையாக இருந்திருக்கும். நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றேன். இருபத்திரண்டு வீட்டையும் ஒரு தரம் நினைத்துப் பார்த்தேன். காசி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அங்கே வந்தான்.

"மாப்ள, ஒரு முனைக்கு அடிக்கல."

கயிறு சுருட்டுகிற கை நின்றது. "எது?"

"கடல் பக்கம். கடைசிப் பலகை. சாரத்து மேலயே இழைச்சேன். நீ கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தான். பிறகு வேன் டிரைவரிடம் போனான். "கம்பத்த எறக்கு."

நான் அவன் கையைப் பிடித்தேன். "டேய், இரு. நாளிக்கு ஃபங்ஷன் முடியட்டும். அடுத்த வாரம் நாம சொம்மா வந்து, கழட்டி அடிச்சிட்டுப் போவலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"அடுத்த வாரம் வரிக்கும் மழன்னு டிவில சொல்லிகீறான். பத்து வருசம்னு இப்பதான் சொல்லிட்டு வந்தேன்."

இரண்டு கம்பம் நட்டு ஏறினான். புதுப் பெயிண்டைக் கத்தியால் கீறி, ஸ்க்ரூக்களைக் கழற்றி, பலகையை இறக்கினான். முனையைத் திருப்பினால் ஒரு விரல் நீளத்துக்கு ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. ஒரே ஒரு நாள் மழை. அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ராகவன் ஓடிவந்தார். "என்ன பண்றீங்க? விடிஞ்சா கிரகப்பிரவேசம்!"

"முனைல தண்ணி பூந்துட்டுது சார். காய வச்சி அடிச்சிதான் மாட்டணும். நாலஞ்சு நாள் ஆவும்."

"மேலாக்கப் பெயிண்டைத் தடவி மாட்டுய்யா!"

"ஈரத்த உள்ள வச்சி மூடுனா சீக்கிரம் உளுத்துப்பூடும் சார்."

"யார் பார்த்த வேலை இது?"

நான் வாயைத் திறந்தேன். காசி முந்திக்கொண்டான். "என் வேல சார். நான் பாத்திருக்கணும்."

"இல்ல சார், நான்..." என்றேன். ராகவன் காதில் அது ஏறவில்லை. மூலை திறந்து கிடக்க ஒரு வீட்டைக் கொடுக்கிற மானக்கேட்டைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கத்தினார். இருபத்திரண்டு வீட்டுக்கும் பிளாஸ்டிக் பலகையே போட்டுக்கொள்கிறேன், மரமும் வேண்டாம் தச்சனும் வேண்டாம் என்று காரில் ஏறினார். சொன்னபடியே செய்தார். தை மாதம் அந்த ரோட்டில் வேறு ஆட்கள் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை எங்களை அழைத்திருந்தார்கள், போனோம். பாலசுப்ரமணியன் சாரின் மனைவி பிரபாவதி அம்மா அந்தத் திறந்த மூலைக்கு நேராக மாவிலைத் தோரணத்தை இரட்டையாகத் தொங்கவிட்டிருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவரே இலை போட்டார். காசி அண்ணாந்து தோரணத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டான். அடுத்த வாரம் போய்ப் பலகையை மாட்டினோம்.

அந்த வியாழன் சாயங்காலம் வண்டியில் திரும்பும்போதே அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திருக்கழுக்குன்றம் வந்தது, செங்கல்பட்டும் வந்துவிட்டது. திட்டவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். பூங்கொடியிடம்கூட அவன் சொல்லவில்லை. கேரியரில் மீன் இருந்தால் இப்போதும் என் பக்கம்தான் தள்ளுகிறான்.

இப்போது கூடுவாஞ்சேரியில் ஒரு மாடி வீட்டுக்கு ஜன்னல் சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். சின்ன வேலை. நேற்று நான் நாலு முனைக்கும் பிரைமர் அடித்து, காயவைத்து, சட்டத்தை அவனிடம் எடுத்துப் போனேன். அவன் கேட்கட்டும் என்று நின்றேன். கேட்கவில்லை. அந்த வியாழனுக்குப் பிறகு அவன் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

"அடிச்சிட்டேன் மாப்ள" என்றேன் நானாகவே.

"சரி மச்சான்" என்றான். சட்டத்தை வாங்கித் திருப்பி, நாலு முனையையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மாட்டினான்.