அண்ணியின் மணி

விக்டோரியா ராணி காலத்து ஆட்களை, உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் ஆட்டிப்படைத்தது. அதற்கென்றே ஒரு கருவி செய்தார்கள். பிணத்தின் விரலில் நூல், நூல் மேலேறி வர ஒரு குழாய், மண்ணுக்கு மேலே மணி. இலக்கியப் பேராசிரியை அந்தக் காலத்துக் கதைகளையும் கருவிகளையும் சேர்த்துவைத்துப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். படங்களைப் பார்த்து அவளுடைய அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"எனக்கும் ஒண்ணு மாட்டிவிடு. உங்கண்ணன் சாப்பிட்டாரான்னு நான் கேக்கணும்ல?"

ஒரு காலையில் மாரடைப்பு வந்தது. டாக்டர் வருவதற்குள் அண்ணி போய்விட்டாள்.

அண்ணன் முப்பது வருஷமாகக் குழாய் வேலை பார்ப்பவர். அவர் அழவில்லை. அரை இஞ்ச் குழாயை அளந்து அறுத்தார்.

"நூலை எப்படிக் கட்டுவாங்க? நீதான படிச்சவ, சொல்லு."

"அண்ணே, அது சும்மா சும்மா அடிக்கும். உடம்பு உப்பும்போது நூலை இழுக்கும், அவ்வளவுதான்."

"அடிச்சா அடிச்சிட்டுப் போகுது."

குழியில் இறக்கும் முன் அண்ணியின் விரலில் அவளே இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணன் போன் செய்தார். "அடிக்குது."

சாவை உறுதிசெய்த டாக்டரையே கையோடு அழைத்துக்கொண்டு இடுகாட்டுக்கு ஓடினாள்.

"உடம்பு உப்பியிருக்கும்மா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

பொட்டுக் காற்றில்லை. வெயிலில் மணி அசையாமல் தொங்கியது. அண்ணன் மண்டியிட்டுக் குழாயில் வாயை வைத்தார்.

"சாப்பிட்டேன்மா."

மணி ஒரே ஒருமுறை, மெல்ல அடித்தது.

அண்ணன் நூலைப் பிடித்து இழுத்தார். கனமே இல்லாமல் முழுதும் மேலே வந்தது. நுனி அறுந்திருக்கவில்லை. இரண்டு முடிச்சும் அவிழ்ந்திருந்தன.

"விட்டுட்டா," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. குழாயைப் பிடுங்கித் துளையில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார்.

விரல் உப்பினால் முடிச்சு இறுகும், அவிழாது. அவளுக்கு அது தெரியும். மண் மூடி முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

புத்தகத்தில் அந்த மணியைப் பற்றிய அத்தியாயத்தை அவள் எழுதி முடித்தாள். உடல் உப்பி மணி அடிப்பதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அவிழ்ந்த முடிச்சைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.