கனமான கால்

“இவ செருப்பு போட்டு ஓட்டுறாளா, கால்ல இரும்புக்குண்டைக் கட்டிட்டு ஓட்டுறாளான்னு நீங்களே கேளுங்க மச்சான்.”

“நான் பிரேக்கை மெதுவாத்தான் மிதிக்கிறேன்.”

“மெதுவா மிதிச்சா மெதுவா நிக்கணும். போன வாரம் என் மூஞ்சி கார் கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. வழிச்சு எடுக்க வேண்டியதா போச்சு.”

இப்படி முழங்கியவருக்கு அந்தப் பட்டறையில் விஞ்ஞானி என்று பெயர். டயருக்குக் காற்றடிக்க வந்த முதல் நாளே காற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர். காற்றடித்தவர்களுக்கு அன்றைக்குத்தான் காற்றின் மேலேயே வெறுப்பு வந்தது. பட்டறையின் மெக்கானிக்கின் கூடப் பிறந்த தங்கையைக் கட்டியவர் என்பதால் யாரும் முகத்துக்கு நேரே சிரிப்பதில்லை.

தங்கை ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். காலை ஆறரைக்கு வேலை. அந்த நேரத்தில் அவள் தெருவில் பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் கிடையாது. கார் இருந்தால்தான் வேலை. விஞ்ஞானியோ, இவள் காலுக்குக் கார் சரிப்படாது என்று தீர்ப்பு எழுதி, வாங்க ஆளும் பார்த்துவிட்டார். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த ஆள் பட்டறைக்கே வருகிறார்.

அண்ணன் அந்த மத்தியான வெயிலிலேயே வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

“பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. நீ கொஞ்சம் பதமா மிதிம்மா.”

புருஷன் சொன்னபோது வராத கோபம், அண்ணன் சொன்ன அந்த ‘பதமா’வில் வந்தது.

“வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வந்து, வெறும் வயித்துல எடுத்த ரத்தம்னு சொல்லுவாங்க. அந்த மாதிரி இருக்கு உன் டெஸ்ட். ராத்திரி பூரா பனியில நிறுத்து. காலையில முதல் நாலு தெரு ஓட்டிப் பாரு. அப்பத்தானே நான் ஓட்டுறேன்? இவர் எப்ப ஓட்டுறார்? ஞாயித்துக்கிழமை மத்தியானம், கடை வரைக்கும்.”

“என் கால்ல அது பூனைக்குட்டி மாதிரி நிக்கும்” என்றார் விஞ்ஞானி.

“அப்ப காலையில நீங்களே ஓட்டுங்க.”

வண்டி அன்றிரவு பட்டறை முற்றத்தில் நனைந்தது. அவள் மறுநாள் லீவு போட்டாள். ஆறு மணிக்கு விஞ்ஞானி ஸ்டியரிங்கைப் பிடித்தார், அண்ணன் பக்கத்தில், அவள் பின்னால். முதல் திருப்பத்தில் பூனைக்குட்டியின் எஜமானர் பிரேக்கைத் தொட்டார். தொடத்தான் செய்தார். வண்டி பேயைப் பார்த்த மாதிரி பின்பக்கம் இடதுபுறமாக இழுத்துக்கொண்டு நின்றது. மூக்குக்கண்ணாடி பறந்து டாஷ்போர்டில் விழுந்தது.

“காலா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“ரோடு ஈரம்.”

இரண்டாவது திருப்பத்தில் பூனை குறுக்கே வந்தது என்றார். பூனையை வேறு யாரும் பார்க்கவில்லை. மூன்றாவதில் அவர் நெஞ்சே ஹாரனை அடித்தது. தெருவில் ஒரு ஜன்னல் திறந்து, இவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அண்ணன் பின்னால் திரும்பித் தங்கையைப் பார்த்தான். மன்னிப்பு கேட்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. அந்தப் பார்வையோடு சரி.

பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றினான். உள்ளிருந்த பிரேக் டிரம் துருவேறி அடம்பிடித்தது. அதில் இருந்த இரண்டு துளைகளில் போல்ட்டை முறுக்கியதும் அது முனகிக்கொண்டே வெளியே வந்தது. உள்ளே டிரம்மை உரசி நிறுத்தும் பிரேக் ஷூவின் லைனிங், நியாயமாகச் சாம்பல் நிறத்தில் வறண்டு கிடக்க வேண்டியது. இதுவோ கருகருவென்று மினுங்கியது. விரலை வைத்தான், பிசுபிசுத்தது.

“இதான் கவ்வுது. எண்ணெய் குடிச்சுப் பிசினாப் போன லைனிங் குளிர்ல லேசாத் தொட்டாலே போய் ஒட்டிக்கும். நாலு தெரு ஓடிச் சூடானா விட்டுடும்.”

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பிரேக் ஆயில் கசிகிறதா என்று ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அச்சுப் பக்கமும் ஈரமில்லை. டிரம்முக்குப் பின்னால் இருந்த தகட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதை மூடும் ரப்பர் அடைப்பைக் காணோம். துளையில் சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் இழுத்தான். முனை முறிந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்.

“அட, இது என்னோடதாச்சே!” என்றார் விஞ்ஞானி. தொலைந்த பிள்ளையைக் கண்டெடுத்த சந்தோஷம் அவருக்கு. “எண்ணெய் ஸ்பிரே டப்பாவோட மூக்கு. தேடாத இடமில்லை.”

அண்ணன் குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

“எதுக்கு மாப்பிள்ளை உள்ள அடிச்சீங்க?”

“கிறீச்சுன்னு கத்துச்சு மச்சான். சத்தம்னா என்ன? உராய்வு. உராய்வை எடுத்தா சத்தம் போயிடும். வாராவாரம் அடிச்சேன். போச்சு இல்ல?”

“உராய்வை எடுத்துட்டா பிரேக்குக்கு அங்க என்ன வேலை மாப்பிள்ளை?”

விஞ்ஞானி வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் அதைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள். மூன்று மாதமாகச் சொந்தக்காரர் வீடு தவறாமல் ‘இரும்புக்கால்’ என்று சொல்லிச் சிரிக்க வைத்த வாய் அது.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மறுபடி இழுக்கும் என்று அண்ணன் இரண்டு பின்சக்கரங்களுக்கும் புது ஷூ போட்டான். டிரம்மைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்தான். துளைக்குப் புது ரப்பர் அடைத்தான். பிறகு ஆறவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திருப்பிச் சக்கரங்களை நனைத்தான். “காலைப் பனியை நாமளே தயார் பண்ணிக்குவோம்.”

அவள் ஓட்டினாள். பக்கத்தில் அண்ணன் விளிம்பு வரை டீ நிறைந்த கிளாஸோடு உட்கார்ந்தான். நாலு தெரு, ஏழு இடத்தில் நிறுத்தினாள். டீ தளும்பியது, சிந்தவில்லை. திரும்பி வந்ததும் அவன் அதைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது, முகம் சுளிக்காமல் குடித்தான்.

மணி நாலே முக்கால். விஞ்ஞானிக்கு அதற்குள் பேச்சு திரும்பியிருந்தது.

“இப்ப வண்டி ஜோரா இருக்கு. வர்றவர்கிட்ட தைரியமா குடுக்கலாம். சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?”

அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். சத்தம் பெரிதாகக் கேட்டது.

அப்போது விஞ்ஞானியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வாங்க வருகிறவர்தான்.

அவள் கார் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

“எடுங்க. வண்டி விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க. ஏன்னு கேட்டா, பிரேக்குக்கு எண்ணெய் அடிச்சது யாருன்னும் நீங்களே உங்க வாயால சொல்லுங்க.”

போன் அடித்துக்கொண்டிருந்தது.