அழுத்தக்காரன்

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் செல்லசாமியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அழுத்தக்காரன் என்றால்தான் தெரியும். பெண்சாதி அம்மாக்கண்ணு காய்ச்சலில் போனாள். அவள்மேல் கோடித்துணி போட்டபோதும் அவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பிணம் எடுத்த மறுநாளே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வேலைக்காரர்கள் வரிசையில் நின்றான். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயமே காறித் துப்பியது. லயத்து ஆட்களின் நியாயம் அவ்வளவுதான். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவன் சாயங்காலமே சாராயக் கடையில் கிடந்தாலும் அவனைத்தான் நல்லவன் என்பார்கள்.

கருமாதி முடிந்ததும் அம்மாக்கண்ணுவின் அண்ணன் சிவசாமி, கோயில் முன்னால் கூடியிருந்தவர்களிடம் பிராது வைத்தான்.

"தங்கச்சி செத்ததுக்கே அழுவாதவன் அவ புள்ளய எப்புடிப் பாப்பான்? பூரணிய நான் பூண்டுலோயாவுல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்க."

"பாறாங்கல்லுகிட்டயா புள்ளய விட்டுட்டுப் போறது?" என்று அவன் பெண்சாதி காளியாயி எடுத்துக் கொடுத்தாள். யாரோ சிரித்தார்கள்.

பூரணிக்கு எட்டு வயது. தகப்பனின் கம்பளி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதும் யாரும் பார்த்ததில்லை. செல்லசாமிக்கு வீட்டில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

தோட்டத் தலைவர் நல்லமுத்து கேட்டார்: "என்னாப்பா, புள்ள ஒன்கிட்ட இருக்கணுமா வேணாமா? வாயத் தொறந்து சொல்லு."

இருக்கணும். ஒரு சொல்தான். தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் கூடவே அழுகையும் வந்துவிடும் என்று பயந்தான். இத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். காளியாயியும் நிற்கிறாள்.

"புள்ள இஷ்டமுங்க."

பூரணி நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. கம்பளியை விட்டாள்.

"மாமாகூடப் போறேன்."

"பாத்தீங்களா? அப்பனுக்குப் புள்ள தப்பாமப் பொறந்திருக்கு. ஒரு பொட்டுத் தண்ணி வருதா பாருங்க," என்றாள் காளியாயி.

பூரணியின் துணிமூட்டையை ரோட்டுவரை செல்லசாமிதான் சுமந்து வந்தான். பஸ் வந்ததும் சிவசாமி அதை வாங்கப் போனான். மூட்டை வரவில்லை. செல்லசாமியின் விரல்கள் முடிச்சில் இறுகிக் கிடந்தன.

"கோயிலடியில சரின்னுட்டு, இங்க வந்து என்னா மாப்புள மொரண்டு?"

பஸ்காரன் அவசரப்படுத்தினான்.

"விடுங்கப்பா," என்றாள் பூரணி.

விட்டான். அவள் ஏறிப்போய் அவன் நின்றதற்கு எதிர்ப் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். அழுதாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.